சாக்கு போடும் நேரம்

“பாலம் விரிசல் விட்டுப்போச்சு, டீச்சர். நசுக்கிப் பார்த்த கான்கிரீட் க்யூப் எல்லாம் பாஸ். பாலம் மட்டும் விரிசல் விட்டுப்போச்சு. ஏன்?”

கேட்டவர் சங்கரநயினார். ஐம்பத்து மூன்று வயது. நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு ஆலோசகர்.

கேட்கப்பட்டவள் பிலோமினா. அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். கடலோரச் சாலையில், தகரக் கொட்டகை ஒன்றில், கான்கிரீட் பரிசோதனைக்கூடம் நடத்திவந்தாள். எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்தவளில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் பாலம் கட்டுகிற கொத்தனார் முதல் பொறியாளர் வரை எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

அவள் அவர் மேஜைமேல் வைத்த காகிதத்தைப் பார்த்தாள்.

“இது என்ன சார்?”

“அறிக்கை. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. பரிசோதனைக்கூடம் சார்பா நீங்களும் ஒரு கையெழுத்துப் போடணும்.”

அவள் எடுத்து வாசித்தாள். விரிசலுக்குக் காரணம், தளம் காயாமல் இருக்க ஈரச் சாக்கு போடுவதில் நாற்பது நிமிடத் தாமதம். பொறுப்பு, தலைமைக் கொத்தனார் இசக்கியப்பனின் அலட்சியம்.

“இசக்கியண்ணனா?”

“ஆமா. பேரை எழுதினா அவனுக்கு இனிமே எந்தப் பாலத்திலயும் வேலை கிடையாது. எனக்குத் தெரியாம இல்லை. ஆனா யார் பேரும் எழுதலைன்னா பழி புதுக் கான்கிரீட் மேல விழும். இந்தச் சாலையில கட்டவேண்டிய மிச்சப் பதினோரு பாலத்தையும் பழைய கலவையிலயே கட்டித் தொலைச்சிடுவாங்க.”

அவர் சொன்னதில் நடிப்பு இல்லை.

ஒன்பது வருடமாக அந்த உயர்திறன் கான்கிரீட்டுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் அவர். மற்றவர்கள் பேரப்பிள்ளை படம் காட்டுகிற மாதிரி, உப்புக்காற்று தின்ற பாலங்களின் படத்தைச் செல்போனில் காட்டுவார். கம்பி துருவேறி, வயிற்றுப்பக்கம் உதிர்ந்து, இருபது வருடத்திலேயே கிழடு தட்டிப்போன பாலங்கள்.

ஒருவழியாக உப்போடை மேல் ஒரே ஒரு பாலத்துக்கு அனுமதி கிடைத்தது. தளம் கொட்டிய அன்று சென்னையிலிருந்து எட்டு அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். மூன்றாம் நாள் சாக்கை விலக்கிப் பார்த்தபோது விரிசல் கண்ணில் பட்டது.

“இந்தக் கலவையில தண்ணி ரொம்பக் கம்மி, டீச்சர். பழசு மாதிரி மேலே தண்ணி ஊறி நிக்காது, சட்டுனு காஞ்சு வெடிக்கும். மட்டம் தட்டின கையோட சாக்கு போடணும்னு நானே எழுதிக் கொடுத்தேன். கொட்டை எழுத்துல.”

“பின்னே ஏன் போடலை?”

“அதான் எழுதியிருக்கேனே. அலட்சியம்.”

“முப்பது வருசமா பாலத்து மேலயே கிடக்கிற மனுசன். அன்னைக்குப் பார்த்து அலட்சியம் வந்துருச்சாக்கும்.”

“கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான். வாயே திறக்கலை.”

“நீங்க அங்கதானே சார் இருந்தீங்க?”

“விருந்தாளிங்களோட இருந்தேன். அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டிருந்தேன்.”

பிலோமினா காகிதத்தை மேஜையில் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் ஓர் உடைந்த க்யூபைத் தூக்கி வைத்தாள். எழுந்து உள்ளே போனாள்.

சின்னக் கலவை எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு முழ அகலத் தகரத்தட்டு இருந்தது. தட்டு நிறையக் கான்கிரீட். அவருடைய கான்கிரீட்டேதான்; அதே சிமென்ட், அதே சாம்பல்தூள், அதே அளவு. தட்டைக் கொட்டகைக்கு வெளியே வெயிலில் வைத்து, பூச்சுக் கரண்டியால் ஒரே இழுப்பில் மட்டம் பிடித்தாள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். வாளிக்குள் ஒரு சாக்கு.

ஆனி மாதக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

“எதுக்கு இது?”

“கையெழுத்துப் போடணும்னா எனக்கு விளங்கணும்லா சார். நான் வெறும் டிப்ளமோக்காரி. அன்னைக்கு நான் பாலத்துக்கு வரவும் இல்லை. அந்தப் பெரிய மனுசங்களுக்குச் சொன்னதை எனக்கும் ஒரு தரம் சொல்லுங்க.”

“உங்களுக்குத் தெரியாததா?”

“நீங்க பேசினா ஜல்லியும் தலையாட்டும்ங்காங்க. நான்தான் கேட்டதில்லை.”

பல நாளுக்குப் பிறகு சங்கரநயினாருக்குச் சிரிப்பு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

முதலில் உப்பைப் பற்றிச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத துளை வழியாக உப்பு எப்படி உள்ளே நடந்து போகிறது, எத்தனை வருடத்தில் கம்பியைத் தொடுகிறது, தொட்டபின் கம்பி எப்படி வீங்கித் தன்னை மூடியிருப்பதையே பிளக்கிறது என்றெல்லாம் சொன்னார்.

பிலோமினா வாளியிலிருந்து சாக்கை எடுத்தாள்.

“போட்டுரவா சார்?”

“இருங்க டீச்சர். அந்த மேல்பரப்பைப் பாருங்க. கண்ணாடி மாதிரி இல்லை? அதைப் பார்த்துத்தான் அவங்களே அசந்துபோனாங்க. மூடிட்டா என்ன தெரியும்?”

அவள் சாக்கைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

அவர் துளைகளுக்கு வந்தார். அந்த நுண்ணிய சாம்பல்தூள் ஒவ்வொரு துளையாகத் தேடிப்போய் அடைப்பதைச் சொன்னபோது அவருடைய விரல்களும் காற்றில் எதையோ தேடித்தேடி அடைத்தன.

“சார், சாக்கு...”

அவர் திரும்பாமலே இடது உள்ளங்கையை உயர்த்தினார். பேச்சு நிற்கவில்லை.

பாலம் நிற்கப்போகும் நூறு வருடத்துக்கு வந்தார். பேச்சில் அவருக்கு மிகவும் பிடித்த இடம் அது. நம்மை யாரென்றே தெரியாத ஒரு குடும்பம், நூறு வருடம் கழித்து, மழையில், பிள்ளைகளைப் பின்னால் தூங்கவைத்துக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடந்துபோகும். கீழே என்ன இருக்கிறதென்று அவர்கள் யோசிக்கக்கூட மாட்டார்கள்.

“அவங்க யோசிக்காம இருக்கிறதுதான் டீச்சர், நம்ம வேலை.”

சொல்லும்போது அவர் கண் கலங்கியது.

“காயுது சார்.”

“ஒரே நிமிஷம். இதோ முடிச்சிடுறேன்.”

உள்ளங்கை மறுபடி உயர்ந்தது.

முடித்தார். கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்று அதிகாரிகள் கைதட்டினார்கள். பிலோமினா தட்டவில்லை. அவள் தரையில் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் பார்த்தார்.

கண்ணாடி மாதிரி இருந்த பரப்பு வெளுத்திருந்தது. அதன் குறுக்கே, மூலைக்கு மூலை, தலைமுடி கனத்தில் ஒரு கோடு. அதிலிருந்து இன்னொன்று கிளைத்துக்கொண்டிருந்தது.

அவர் தட்டின் அருகே குனிந்தார்.

“எவ்வளவு நேரம் பேசியிருப்பேன்?”

“ரெண்டு வார்த்தைதான் சார். முப்பத்தெட்டு நிமிசம்.”

அவர் உயர்த்திய கை இன்னும் இறங்காமல் இருந்தது. அதைத் தானே பார்த்தார். மெல்ல இறக்கினார்.

அவள் கையிலிருந்த சாக்கு காய்ந்துகொண்டு வந்தது. ஆனாலும் ஒரு நுனியிலிருந்து இன்னும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவருக்குப் புதிதில்லை. பாலத்தின்மேல், எட்டுப் பேர் எதிரே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய முதுகுக்குப் பின்னால் அது கேட்டிருந்தது. அன்றும் அவர் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தியிருந்தார்.

அவர் சாக்கை அவளிடமிருந்து வாங்கினார். வாளியில் முக்கி எடுத்துத் தட்டின்மேல் விரித்தார். நாலு மூலையையும் இழுத்துவிட்டார். ஓரத்தில் வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். பிலோமினா தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை.

பிறகு உள்ளே போய் க்யூபை நகர்த்திவிட்டு அறிக்கையை எடுத்தார். பேனாவைத் திறந்தார். பொறுப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த பெயரை அடித்தார். அந்த இடத்தில் வேறொரு பெயர் எழுத வேண்டியிருந்தது. அதை எழுதினால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எந்த அலுவலகமும் அவரை உள்ளே விடாது. மிச்சப் பதினோரு பாலத்தை வேறு யாராவது கட்டலாம். கட்டாமலும் போகலாம்.

பேனா காகிதத்தைத் தொட்டபடி நின்றது.

“டீச்சர்.”

“சொல்லுங்க சார்.”

“இசக்கியப்பன் அன்னைக்கு என்கிட்ட எத்தனை தடவை கேட்டார்?”

“அன்னைக்கு நான் வரலையே சார்,” என்றாள் பிலோமினா. “இன்னைக்கு நான் மூணு தடவை கேட்டேன்.”