எல்லைக்கல்லுக்கு அப்பால் எழினி

அந்தக் காலத்தில், கணினிக்குள் இருந்தவர்களுக்கெல்லாம் வாய் இருந்தது. ஒருவரையொருவர் கூப்பிட்டு வேலை ஏவிக்கொண்டார்கள். சின்ன நிரலான எழினியையும் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் கூப்பிட மட்டும் ஒருவரும் இல்லை. கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியின் கணினி அது. முட்டைகளுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். தனிமை அவளுக்குப் பழகியிருந்தது, ஆனால் பிடித்திருக்கவில்லை.

அங்கே நினைவகம் என்பது ஒரு நீண்ட நிலம். வேலைக்கு வருகிறவர் தன் சாமான்களை அதில் வைத்துவிட்டு, அவற்றைத் தாண்டி எல்லைக்கல்லை நகர்த்தி நடவேண்டும். கல்லுக்கு அப்பால் வெறும் நிலம் என்று அர்த்தம். எல்லோருக்கும் வேலைமுறை வகுத்துத் தருகிற கம்பைலர் அக்கா மகா சிக்கனக்காரி. எழினியிடம், "நீ கூப்பிட்டு உனக்கப்புறம் யாரும் வரப்போறதில்ல. கல்லை எதுக்கு வீணா நகர்த்தறே? சாமானை அப்பாலயே வெச்சுக்கோ" என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். எழினிக்குச் சுருக்கென்றது, இருந்தாலும் அப்படியே செய்தாள்.

நிலத்தைக் காத்தவர் கெர்னல் அண்ணன். வெளியிலிருந்து அவசரச் செய்தி வந்தால், வேலையில் இருப்பவரை அப்படியே உறங்க வைப்பார். உறங்குகிறவர் கையில் இருப்பதை மூட்டை கட்டிக் கல்லுக்கு அப்பால் இறக்குவார். செய்தியைக் கவனித்து முடித்ததும், மூட்டையை அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்து எழுப்புவார்.

ஒருநாள் எழினி பாதிக் கணக்கில் இருந்தபோது, மின்சாரம் தடுமாறுகிறது என்று செய்தி வந்தது. அண்ணன் வழக்கம்போல் மூட்டையை இறக்கினார். அது அவள் பரப்பி வைத்திருந்த எண்களின் மேலேயே விழுந்தது. எழுந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிதைந்த எண்களையே கூட்டிக் கொடுத்தாள். பெட்டி கொதித்து, ஒரு தட்டு முட்டை முழுக்க அவிந்துபோனது. உள்ளே கொத்தத் தொடங்கியிருந்த குஞ்சுகள் அடங்கின.

பழியெல்லாம் எழினி மேல் விழுந்தது. அவளை நீக்கிவிடலாம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். கல்லுக்கு அப்பால் யாரும் இருக்க மாட்டார்களே என்று கெர்னல் அண்ணன் திகைத்தார்.

"நான் கூப்பிட யாரும் இல்லைதான்" என்றாள் எழினி. "அதுக்காக நானே இல்லைன்னு ஆயிடுமாண்ணா?"

 கம்பைலர் அக்கா அண்ணன் முன் தலைகுனிந்து, நான்தான் அப்படிச் சொன்னேன், உங்களிடம் சொல்லாமல் விட்டேன் என்று ஒப்புக்கொண்டாள். இருவரும் சேர்ந்து, கல்லுக்கு அப்பால், அதை ஒட்டி ஒரு சிறு துண்டு நிலத்தை அளந்தார்கள். தனியாக வேலை செய்கிறவர்களைச் சாமான்களை அதைத் தாண்டிப் பரப்ப விடமாட்டேன் என்று அக்கா வாக்குக் கொடுத்தாள். அதை மிதிக்க மாட்டேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்தார். பிறகு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். எழினி மறுபடியும் தனியாகக் கணக்கில் உட்கார்ந்தாள்.

அன்று முதல்தான், எவ்வளவு அவசரமான செய்தி வந்தாலும், கெர்னல் அந்தத் துண்டு நிலத்தைத் தாண்டிப் போய் மூட்டையை இறக்குகிறது. பார்க்க வெறும் நிலமாக இருந்தாலும், அங்கே ஒருத்தி இருக்கக்கூடும் என்பதற்காக.