செருப்பு மேலே இருக்கட்டும்

பெருந்துறை ரோட்டில் பூரணி அம்மாவின் தியானசாலைக்குப் போனால் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்குமா என்பது சந்தேகம்தான். வேலை கிடைக்கும், அதில் சந்தேகமே வேண்டாம்.

சென்னியப்பன் தறிப்பட்டறை வைத்து ஓட்டியவர். அறுபதைத் தாண்டிவிட்டார். பூரணி அம்மாவுக்கு அவர் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. இருந்தாலும் சென்னியப்பனுக்கு அம்மாதான் குரு. அன்றைக்குக் காலையில் வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"அம்மா, கோகிலா போன் பண்ணுச்சுங்க. பேத்திக்குக் காதுகுத்தாம். 'அப்பா வந்தா வரட்டும்'னு எங்க வீட்டுக்காரிகிட்டச் சொல்லிருக்குது."

கோகிலா அவருடைய ஒரே மகள். தானாகப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வாசலில் வந்து நின்றவளை, "எம்மக செத்துப்போயிட்டா, நீ யாரு?" என்று கேட்டுக் கதவைச் சாத்திய மகராசன் இவர்தான். அதோடு பேச்சுவார்த்தை அறுந்துபோனது. பேத்தியை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அந்த ஏக்கம் மனுஷனைத் தின்றுகொண்டிருந்தது.

"போறதுக்கு என்னங்கண்ணா?" என்றார் அம்மா.

"உசுரே அங்கதானுங்க கெடக்குது. மகளுக்குப் பட்டுச்சேலை எடுத்தாச்சு. குழந்தைக்கு வளையலும் வாங்கியாச்சு. போனதும் கையில குடுத்துட்டா, பழசையெல்லாம் கிளற வேண்டியதில்லைங்களே?"

அம்மா மூலையில் கிடந்த மீன் தொட்டியைக் காட்டினார்.

"பழைய சாமான் கடையில வாங்குனது. ஒழுகுது. சரி பண்ணிக் குடுங்கண்ணா."

பக்கத்தில் வாளிக்குள் இரண்டு தங்கமீன்கள் திரும்ப இடமில்லாமல் முட்டிக்கொண்டிருந்தன. வீடு காலி பண்ணிப் போனவர்கள் கொண்டுவந்து விட்டவை.

அட கடவுளே, நான் என்ன கேட்டேன், இவங்க என்ன சொல்றாங்க என்று சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

கண்ணாடி முழுக்க உப்புக்கறை. எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்த்தார். சோப்புக்குக் கை நீண்டபோது, "சோப்பு வேண்டாங்கண்ணா, மீன் செத்துரும்" என்று அம்மா தடுத்தார். கழுவித் துடைத்ததும் தொட்டி புதுசு போல ஆகிவிட்டது. மூலைகளில் மட்டும் பழைய சிலிக்கான் பசை மஞ்சளேறி, பாசி பிடித்து இருந்தது. அதன் மேலேயே புதுப் பசையைக் கோடாக இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

பசை காய்ந்த பிறகு திரும்பி வந்து தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். பாதி நிறைவதற்குள் அடியில் விரித்திருந்த பேப்பர் நனைந்தது. மறுபடி, இன்னும் தடிமனாக அப்பினார். மறுபடியும் ஒழுகியது.

"ட்யூப்பே காலிங்க. நிக்க மாட்டேங்குது. பசை டூப்ளிகேட்டு போல."

"எது மேல வெச்சீங்க?"

"பழைய பசை மேலதானுங்க."

அம்மா புதுப் பசையின் நுனியை நகத்தால் கிள்ளி இழுத்தார். மூலையின் முழு நீளத்துக்கும் உரிந்து வந்துவிட்டது.

"பசை நல்ல பசைதானுங்கண்ணா. கண்ணாடியைப் புடிக்கும். பழைய பசையைப் புடிக்காது."

சொல்லிவிட்டு ஒரு பிளேடை நீட்டினார்.

"அத்தனையும் சுரண்டோணுங்களா? இருக்கறதும் விட்டுப்போச்சுன்னா?"

"இப்ப மட்டும் ஒழுகாமலா இருக்குது?"

சென்னியப்பன் தொட்டிக்குள் தலையை விட்டுச் சுரண்ட ஆரம்பித்தார். முதுகு விண்விண்ணென்றது. பசைக்கு அடியிலிருந்து கறுப்பாக அழுக்கு வந்தது, குடலைப் புரட்டும் நாற்றம். விரலை வெட்டிக்கொண்டு, "எளவு!" என்று திட்டினார். முடிந்தது என்று அவர் நிமிரும்போதெல்லாம் அம்மா வந்து விரலால் தடவிப் பார்த்து, "இங்க இருக்குதுங்கண்ணா" என்றார்.

கொஞ்ச நேரத்தில் திட்டுவது நின்றது. அப்புறம் தொட்டிக்குள்ளிருந்தே குரல் வந்தது.

"நான் கதவைச் சாத்துனப்போ, புள்ள செருப்பை வாசல்லயே விட்டுட்டு வெறுங்காலோட போயிருச்சுங்க. சித்திரை வெயிலு. ஜன்னல் வழியாப் பாத்துட்டேதான் நின்னேன். கூப்பிடலைங்க."

சென்னியப்பன் பிளேடை மாற்றிப் பிடித்து அடுத்த மூலைக்கு நகர்ந்தார்.

"அந்தச் செருப்பு இன்னும் எங்க ஊட்டுப் பரண் மேல இருக்குதுங்க. வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது."

"அந்தக் கடைசி மூலையில இன்னும் கொஞ்சம் ஒட்டிட்டு இருக்குது" என்றார் அம்மா.

சென்னியப்பன் அழுதுகொண்டே அதையும் எடுத்தார்.

வெறும் கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புது ட்யூப் வாங்கிவந்து, மூலைக்கு மூலை பசை இழுத்தார்கள். நன்றாகக் காயவிட்டார்கள். காதுகுத்துக்கு முந்தின நாள் தண்ணீர் நிரப்பினார்கள். சாயங்காலம் வரைக்கும் பேப்பரில் ஒரு சொட்டு இல்லை. மீன்களை விட்டதும் இரண்டும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன.

சென்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டார்.

"விடிஞ்சாக் காதுகுத்துங்க. சேலையும் வளையலும் பையில வெச்சாச்சு. கொண்டு போகட்டுங்களா?"

"தாராளமாக் கொண்டு போங்க. அந்தச் செருப்பையும் பையில வெச்சுக்குங்க. மேல இருக்கட்டும்."

சென்னியப்பன் திகைத்துப்போனார்.

"பட்டுச்சேலைக்கு மேல செருப்பையாங்க?"

"ஆமாங்கண்ணா. அதுதான் மொதல்ல வெளிய வரோணும்."