ஒரே முழங்காலுக்கு இரண்டு வைத்தியம்

நெடுங்கரை ராஜா, வயசான படைவீரர்களுக்காக ஒரு விடுதி கட்டியிருந்தார். அங்கே மருந்துச் செலவு மலைபோல் ஏறியது. வைத்தியர் மார்த்தாண்டம் குப்பிக்கு ஒரு பொன் வாங்குகிறவர். யாராவது தும்மினால்கூட ஆறு குப்பி கொடுப்பார். ராஜா பார்த்தார். "அரண்மனைக்குப் பழையபடியே இருக்கட்டும். விடுதிக்கு மட்டும் இனி தலைக்கு வருஷம் ஐந்து பொன். மருந்தும் அதற்குள்ளேதான்" என்றார்.

செலவு சட்டென்று பாதியானது. "எல்லாரும் குணமாகிவிட்டார்கள், மகாராஜா!" என்று வைத்தியர் மீசையை முறுக்கினார்.

விடுதியில் மருந்து இடிக்கும் வேம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு மாசமா என் உலக்கைக்கு வேலையே இல்லீங்க. தாத்தாமாருங்க முனகிக்கிட்டுத்தான் கிடக்காங்க."

"நாளைக்குள் நிரூபி. இல்லாவிட்டால் உனக்கு இங்கே வேலை இல்லை!" என்றார் ராஜா.

"அப்போ நீங்களே போர்வையைப் போத்திக்கிட்டு வைத்தியரைப் பார்க்க தாத்தாமாருங்க நிக்கிற வரிசையில வந்து நில்லுங்க."

மறுநாள் ராஜா முக்காடிட்டு நின்று, முழங்காலைக் காட்டி முனகினார். வைத்தியர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வயசானா அப்படித்தான். போ, போ!"

ராஜா போர்வையை உதறினார். "இதே முழங்காலுக்கு முந்தாநாள் அரண்மனையில் பதினெட்டு குப்பி கொடுத்தீரே!"

ராஜா திரும்பினார். "வேம்பி, இரண்டில் எது சரியான வைத்தியம்?"

"ரெண்டுமே உங்க காலைப் பார்த்துச் சொன்னதில்லீங்க. கூலியைப் பார்த்துச் சொன்னது."

"அப்போ என் காலுக்கு என்னதான் வழி?"

"நடங்க மகாராஜா. தினமும் இங்கே நடந்து வந்து, 'வைத்தியர் பார்த்தாரா?'ன்னு ஒவ்வொரு தாத்தாவையும் கேட்டுட்டுப் போங்க. உங்க காலும் தேறும், வைத்தியரும் தேறிடுவாரு."