கதவிலிருந்த சாட்சி

பத்து வருடத்துக்கு முன் கேட்ட ஒரு சத்தம் பிரமநாயகியின் காதை விட்டுப் போகவே இல்லை.

கார்க் கதவு கல்தூணில் மோதிய சத்தம். முதலில் 'ணங்' என்று ஒன்று. பிறகு அதே கதவை இழுத்து அறைந்தபோது 'படார்' என்று ஒன்று. இரண்டுக்கும் நடுவே பெயிண்ட் சில்லு ஒன்று தரையில் உதிர்ந்தது. அதுவும் தனக்குக் கேட்டதென்று அவள் நம்பினாள்.

அறைந்தவன் அவள் தம்பி தாணு. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. பழைய பியட் கார் மகளுக்கு என்று அப்பா சொல்லிவிட்டுப் போனது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. கதவை வீசித் திறந்து, காருக்குள் கிடந்த தன் பையை எடுத்துக்கொண்டான்.

"அப்பாவைப் பார்த்துக்கிட்டியே ரெண்டு வருஷம், அது இந்தக் காருக்குத்தானேக்கா?"

அவ்வளவுதான் சொன்னான். கதவை அறைந்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தான்.

அப்பாவுக்குக் கதவை அறைந்தால் பிடிக்காது. தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவது மாதிரிச் சாத்த வேண்டும் என்பார். லேசாகத் தூக்கி, மெல்ல அழுத்தினால், 'டொக்' என்று அடங்கும். அந்தச் சத்தமும் அவள் காதில் இருந்தது. ஆனால் அது எப்போதாவதுதான் கேட்டது.

சில்லு பெயர்ந்த இடம் ஒரு புளியங்கொட்டை அளவு. அன்றே கொஞ்சம் பெயிண்ட் தொட்டுப் பூசியிருந்தால் போதும். பிரமநாயகி பூசவில்லை. இருக்கட்டும், அவன் ஒருநாள் வந்து பார்க்கட்டும் என்று விட்டுவைத்தாள். கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு, உவரிக்குத் தெற்கே கடலோரத்தில் இருந்த சின்ன ஆசிரமத்துக்கு வந்தபோது காரும் கூட வந்தது. ஓலைக் கொட்டகைக்குள் நின்றது. உப்புக்காற்று அந்த ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை.

ஆசிரமத்துச் சாமி அவளைவிட இளையவர். சாமியாகும் முன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஊரில் கப்பல் சாமி என்றுதான் பெயர். அவளை அவர் அக்கா என்று கூப்பிடுவார். இத்தனை வருடத்தில் அவளை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆவணி பிறந்ததும் தாணுவின் மனைவியிடமிருந்து போன் வந்தது.

"மதினி, எம் மக உலகுக்குக் கல்யாணம். நம்ம வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் மண்டபத்துக்கு மாமா கார்லதானே போயிருக்கு. நீங்களும் அதுலதானே போனிய. இவுக கேக்க மாட்டாக. நான் கேக்கேன். ஏசிராதிய."

"அவனை வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றாள் பிரமநாயகி.

மறுநாள் காலை சாமியைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். இடதுபக்கக் கதவின் அடியில் பெயிண்ட் கொப்புளித்து நின்றது.

"சாமி, கல்யாணப் பொண்ணு போற கார். இப்படியே அனுப்ப முடியாது. ஆனா ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இதைச் சரிபண்ணிட்டா, அவன் சொன்ன சொல்லுக்குச் சாட்சி எது?"

சாமி குத்தவைத்து உட்கார்ந்து, கதவைச் சுட்டுவிரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று வந்தது. கொப்புளத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே டப் என்று மாறியது.

"கப்பல்ல உங்களுக்கு என்ன வேலை சாமி?"

"துரு சுரண்டுறது. முன்பக்கம் சுரண்டி முடிக்கதுக்குள்ள பின்பக்கம் பூத்திரும்."

"அப்ப அந்தக் கப்பல் எப்படித்தான் ஓடிச்சு?"

"சுரண்டிக்கிட்டே இருந்ததால ஓடிச்சு."

அவளிடமிருந்து திருப்புளியை வாங்கி, கொப்புளத்தில் லேசாக ஊன்றினார். அழுத்தக்கூட இல்லை. அது கதவுக்குள்ளே போய்விட்டது. காப்பித்தூள் மாதிரி துரு கொட்டியது.

"அக்கா, உங்க சாட்சிக்கு நல்ல பசி போலிருக்கே."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டிய தூளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்துவிட்டாள்.

துரு தின்ற இடத்தை அறுத்தெடுத்தார்கள். திசையன்விளையிலிருந்து டிங்கர் கடைக்காரர் ஒருவர் வந்து, ஒரு துண்டுத் தகரத்தைப் பற்றவைத்துவிட்டு, தன் ஸ்பிரேயையும் சின்னக் கம்ப்ரசரையும் இரவலாக விட்டுப்போனார். சாமி உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். துரு போய் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவர் நிறுத்தவில்லை. சுற்றிலும் பழுதில்லாத பெயிண்டையும் தேய்த்தார்.

பிரமநாயகிக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, அது நல்லா இருக்க பெயிண்டு. அதை ஏன் தேய்க்கிய?"

"நல்லா இருக்குன்னுதான் தேய்க்கேன்."

"விளங்கல."

அவர் அவள் விரலைப் பிடிக்காமல், உப்புத்தாளால் ஓரத்தைச் சுட்டினார்.

"தடவிப் பாருங்க."

தடவினாள். பழைய பெயிண்ட் முடிகிற இடத்தில் நகம் தட்டியது. சின்னப் படி.

"இது இறங்கி வராம எத்தனை பூசினாலும் அந்தப் படி நிக்கும். துரு போறதுக்கு ஒரு நாழி போதும். நல்லது இறங்கி வரத்தான் நேரம் ஆகும். இந்தாங்க, நீங்க தேயுங்க."

தேய்த்தாள். வெயில் ஏற ஏற ஓரம் சரிந்துகொண்டே வந்தது. மேலே இருந்த வெளிர்மஞ்சள் விலகி அதனடியில் ஒரு பச்சை வளையம் தெரிந்தது. பச்சைக்கும் அடியில் சாம்பல். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் அவள். வெட்டுமரத்தில் வயது வளையங்களைப் பார்ப்பது போலவே பார்த்தாள். அவள் கை நின்றது.

"ஏன் நிறுத்திட்டிய?"

"இந்தப் பச்சை, என் கல்யாணத்துக்கு அப்பா அடிச்சது சாமி. மறந்தே போச்சு. கார் பச்சையா இருந்துச்சுன்னே மறந்து போச்சு."

"அன்னைக்கு யார் ஓட்டினா?"

அவள் தண்ணீரை அள்ளி ஊற்றி, பச்சையைக் கழுவினாள்.

"தாணுதான். அப்பதான் லைசென்ஸ் எடுத்திருந்தான். மீசைகூடச் சரியா முளைக்கல. என்னைப் பின்னால உக்கார வச்சுட்டு உருட்டுதான், உருட்டுதான், கார் நகரவே மாட்டேங்குது. முன்னால போன மேளக்காரங்க திரும்பித் திரும்பிப் பார்க்காங்க. ஒரு மாட்டுவண்டி எங்களைத் தாண்டிப் போச்சு. அப்பா கத்துதாங்க, முகூர்த்தம் தப்பிரும்ல, மிதிலேன்னு. இவன் சொல்லுதான், 'அக்கா தலையில பூ கலைஞ்சிரும்ப்பா.'"

"கலைஞ்சுதா?"

"இல்லை சாமி" என்றாள். "ஒரு இதழ்கூடக் கலையல."

அதன்பிறகு அவள் வெகுநேரம் தேய்த்தாள்.

பெயிண்ட் வாங்கி வரும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். இதில் ஒரு சாமர்த்தியம் செய்ததாக அவளுக்கு நினைப்பு. கதவு ரப்பரைப் பிரித்து, அதற்கடியில் மறைந்திருந்த வெளிர்மஞ்சளில் ஒரு துணுக்கைச் சுரண்டி எடுத்துக் கடையில் காட்டி, அதே நிறத்தில் கலந்துதரச் சொல்லி வாங்கி வந்தாள். அப்பா கடைசியாகப் பெயிண்ட் அடித்த அன்று இருந்த நிறம். துளிகூட மாறாதது.

பட்டி பார்த்து, பிரைமர் காய்ந்ததும் அதைப் பூசினார்கள். இரண்டு பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள். கதவின் அடியில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி அந்த இடம் மட்டும் பளீரென்று நின்றது. துருவே தேவலை என்றிருந்தது.

"நிறம் நல்லா இருக்கு. எந்தக் காரோடது?" என்றார் சாமி.

"இதே காரோடதுதான் சாமி. ரப்பருக்குக் கீழே, வெயிலே படாத இடத்துல பார்த்து வாங்கினேன்."

"வெயில் படாத இடத்துல யார் இருக்கா, அக்கா?"

பிரமநாயகி காரைப் பார்த்தாள். எத்தனை ஆவணி வெயில். எத்தனை முறை ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. மேற்கூரையும் கதவுகளும் வெளுத்து, கொஞ்சம் பழுத்து, பழைய தந்தச் சீப்பின் நிறத்துக்கு வந்திருந்தன. அதை அவள் அதுவரை ஒரு நிறமாகவே நினைத்ததில்லை.

மறுபடி தேய்த்தார்கள். அதே பெயிண்டைக் கிண்ணத்தில் ஊற்றி, குச்சி நுனியால் காவி தொட்டு, கறுப்பு தொட்டு, ஒரு தகரத் துண்டில் பூசி, வெயிலில் காயவைத்துக் கதவோடு பொருத்திப் பார்த்தார்கள். ஈரத்தில் பொருந்தியது காய்ந்தபின் பொருந்தவில்லை. ஏழெட்டுத் துண்டுகள் ஆயின. கடைசித் துண்டைக் கதவில் வைத்தபோது அது இருப்பதே தெரியவில்லை. அவள் சிறுபிள்ளை போலக் கைதட்டினாள்.

பூசப் போகிற இடத்தைச் சுற்றி அவள் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தாள். சாமி அதை உரித்துப்போட்டார்.

"ஓரம் சுத்தமா வரட்டும்னு ஒட்டினேன் சாமி."

"ஓரம் சுத்தமா வந்தா, ஓரம்னு தெரியும்."

ஸ்பிரேயை அவள் கையில் கொடுத்தார்.

"நடுவுல நிதானமா அடிங்க. வெளியே போகப் போகக் கையைத் தூக்கிருங்க. எங்கேயும் நிறுத்தக் கூடாது. நிறுத்தின இடத்துல கோடு விழும்."

"எதுவரைக்கும் போக சாமி?"

"தீந்து போற வரைக்கும்."

அடித்தாள். பனி இறங்குவது போலப் புது நிறம் பழைய நிறத்தின்மேல் இறங்கி, மெலிந்து, மெலிந்து, இல்லாமல் போயிற்று. காய்ந்து பாலிஷ் போட்ட அன்று, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, கதவில் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் இதமாகச் சுட்டது. யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சாமிக்கா, அப்பாவுக்கா, மாட்டுவண்டியை முந்தவிட்ட அந்த மீசை முளைக்காதவனுக்கா. கையை எடுக்காமல் நின்றாள்.

தாணு பஸ்ஸில் வந்து இறங்கினான். வேலியோரமாக ஒரு கிழவர் வருகிறாரே என்றுதான் முதலில் நினைத்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. கையில் ஓலைப்பெட்டி.

"அக்கா" என்றான். பெட்டியை நீட்டினான். "சில்லுக்கருப்பட்டி. உனக்குப் பிடிக்கும்லா."

"பல்லு இல்லாத காலத்துல கொண்டாந்திருக்க."

"ஊறவச்சுத் தின்னு."

கொட்டகைக்குப் போனார்கள். சாமி ஓரமாக நின்று ஸ்பிரேயைத் தின்னரில் கழுவிக்கொண்டிருந்தார். தாணு நேராக இடதுபக்கக் கதவுக்குப் போனான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். கதவின் அடிப்பகுதியை விரலால் தடவிக்கொண்டே போனான். போனவன் திரும்பி வந்தான்.

"இங்கேதான் இடிச்சேன்" என்றான். "ஒரு சில்லு விழுந்துச்சு. திரும்பிப் பார்த்தேன், ஆனா நிக்கல. இத்தனை வருஷமும் அது கண்ணுக்குள்ளயே இருக்குக்கா. நானே ஆளைக் கூட்டியாந்து சரிபண்ணணும், அப்ப உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனச்சிருந்தேன். எங்கே அது?"

அவன் விரல் நின்ற இடத்துக்கு நான்கு விரற்கடை தள்ளித்தான் அந்த இடம். நின்ற இடத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கும் தெரியலை தாணு" என்றாள். "எவ்வளவு நேரம் குத்தவச்சிருப்ப? எந்திரி, வந்து சாப்பிடு."

அவன் எழுந்திருக்கவில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவள் அவன் வெள்ளைத் தலையில் கையை வைத்தாள். அவன் சொல்ல வைத்திருந்த சொல்லை அவள் கேட்கவில்லை.

சாப்பிட்டதும் சாவியைக் கொடுத்தாள்.

"பூ கலையாம ஓட்டு."

தாணு அவளை நிமிர்ந்து பார்த்தான். அதை அவன் மறக்கவில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. காருக்குள் ஏறி, கதவை லேசாகத் தூக்கி, மெல்ல அழுத்திச் சாத்தினான்.

டொக்.

கார் பனைமரங்களுக்கு நடுவே போய் மறையும்வரை இருவரும் நின்றார்கள்.

"பொய் சொல்லிட்டேன் சாமி" என்றாள் பிரமநாயகி. "அந்த இடம் எனக்குத் தெரியும். எப்பவும் தெரியும்."

சாமி ஸ்பிரேயைத் துடைத்து மூடினார்.

"பூசினவங்களுக்குத் தெரியத்தான் செய்யும், அக்கா."

கல்யாணத்துக்குப் போன கார் திரும்பி வரவில்லை. வர வேண்டாம் என்று பிரமநாயகிதான் சொல்லியனுப்பினாள். இப்போது தென்காசியில் உலகு அதை ஓட்டுகிறாள்.