மூன்று பாட்டுக்கு ஒரு முடிச்சு

மணலூர் ஜமீன் சபையில் நாகநாத பாகவதர் பாடும்போதெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் அமர்ந்து தம்புரா மீட்டுகிறவள் அஞ்சுகம். அந்த இடத்தில் தன் மைத்துனனை உட்காரவைக்க வேண்டும் என்பது பாகவதரின் ஆசை.

ஒரு நவராத்திரிக் கச்சேரியில் மூன்று பாட்டுகளைப் பாடிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"மூன்றையும் இயற்றியவர்கள் வேறு வேறு மகான்கள். ஆனாலும் மூன்றுக்கும் ஒரு தொடர்பு ஒளிந்திருக்கிறது. சொல்லு பார்ப்போம், அஞ்சுகம்! தெரியாவிட்டால் தம்புராவை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ."

"மகான்களை நான் எங்கே கண்டேன் சுவாமி? உங்கள் முதுகைத்தான் கண்டேன். அந்தத் தொடர்பு உங்கள் இருமல்."

சபை சிரித்தது. "என்னடி உளறுகிறாய்?" என்றார் பாகவதர்.

"இயற்றியவர் தம் பெயரைக் கடைசி அடியில் வைப்பார் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? மூன்று பாட்டிலும் அந்த அடி வரும் நேரத்தில் உங்களுக்கு முதுகு குலுங்க இருமல் வந்தது. பாட்டும் அங்கேயே நின்றுவிட்டது."

ஜமீன்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடடா! பாகவதருக்கு மிளகுக் கஷாயம் கொண்டு வாருங்கள். குடித்துவிட்டு அந்தக் கடைசி அடிகளைப் பாடட்டும்."

கஷாயம் வந்தது. பாகவதர் குடித்தார். இருமல் போய்விட்டது, பாட்டுதான் வரவில்லை.

அவர் அந்த அடியை எடுப்பார் என்று அஞ்சுகம் சுருதி விடாமல் மீட்டிக்கொண்டே இருந்தாள்.