முதல் இடத்தில் நின்ற பக்கம்

"டீச்சர், ரெண்டாவது எடத்துலயே நிக்குது. மேல போவேனாங்குது."

சொன்னவர் ஆவுடையப்பன். ஐம்பது தாண்டியவர். இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலையை விட்டுவிட்டு, இன்டர்நெட்டில் தேடினால் ஒரு வெப்சைட்டை முதலில் வரவைக்கும் வேலையைக் கற்க வந்திருந்தார். கற்றுக்கொடுத்த ஜெனிட்டாவுக்கு அவருடைய மகள் வயசு. அதனால் என்ன? தெரிந்தவள் டீச்சர், அவ்வளவுதான்.

"எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

"பாம்புக்கடி. நான் இப்ப வெப்சைட் வேலை பாக்குற தனியார் ஆஸ்பத்திரி ஓனர் போடச் சொன்னது. நம்ம ஏரியாவுல சனங்க அதத்தான் நெறைய தேடுதாம்."

"மொதல்ல எது நிக்குது?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரி பக்கம். அதையெல்லாம் ஒரு பக்கம்னு சொல்லணும்! போட்டோ இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ரெண்டு வரி, ஒரு போன் நம்பர்."

ஜெனிட்டா சிரித்தாள்.

"வந்த ஆள நிக்க வைங்க. எந்தப் பாம்பு, என்ன விஷம், என்ன செய்யணும், செய்யக்கூடாதுன்னு நீட்டி எழுதுங்க. ஆளு நின்னு படிக்கப் படிக்கப் பக்கம் மேல ஏறும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அந்த ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று டீச்சர் கேட்கவில்லை. இவரும் விசாரிக்கவில்லை. இரண்டு பேருமே நல்ல மனுஷர்கள்தான். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான்.

பக்கம் ஏறியது. முதல் இடத்துக்கே வந்தது. ஓனர் ஆவுடையப்பனுக்குச் சால்வை போட்டார்.

பிறகு கடலை பிடுங்கும் மாசம் வந்தது.

ஒரு நாள் ஆவுடையப்பன் வகுப்புக்குள் வந்து நின்றார். உட்காரவில்லை.

"டீச்சர், பக்கத்த எப்படிக் கீழ எறக்குறது?"

"ஏன், என்னாச்சு?"

"கடலைக் காட்டுல ஒரு பொம்பளையக் கண்ணாடிவிரியன் கடிச்சிருக்கு. பேரு உலகம்மா. புருஷன் போன்ல தேடியிருக்காரு. மொதல்ல வந்தது நம்ம பக்கம்."

ஜெனிட்டா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரி வாசலத் தாண்டித்தான் ஆட்டோ வந்திருக்கு டீச்சர். அங்க மருந்து இருக்கு. அதத் தாண்டி நம்மகிட்ட வந்திருக்காங்க. இங்க மருந்தும் இல்ல, அந்த நேரத்துல டாக்டரும் இல்ல. திரும்பிப் போற வழியிலயே உயிர் போயிருச்சு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குச் சோறு எறங்கல. அந்தப் பக்கத்த அழிச்சிரட்டுமா?"

ஜெனிட்டா கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். முதலில் ஆவுடையப்பன் எழுதிய பக்கம். அதற்குக் கீழே வரிசையாக, அவர் எழுதியதை வரிக்கு வரி திருடிப் போட்ட வேற்று ஊர்க்காரர்களின் பக்கங்கள். கவர்மென்ட் ஆஸ்பத்திரி எங்கேயோ அடியில் கிடந்தது.

"நீங்க அழிச்சா, இதுல ஒண்ணு மேல வந்து நிக்கும்."

"அப்போ நான் என்னதான் செய்ய?"

அவள் தன் நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவரை அதில் உட்காரச் சொன்னாள்.

"உலகம்மா புருஷன் இப்போ தேடிக்கிட்டு இருக்காருன்னு நெனச்சுக்கிட்டு எழுதுங்க."

ஆவுடையப்பன் நீட்டி எழுதியிருந்த அத்தனையையும் அழித்தார். பிறகு மெதுவாக எழுதினார்.

'இந்த ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்கு மருந்து இல்லை. இங்கே வராதீர்கள். நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழி தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்.'

தன் சொந்த நம்பரைப் போட்டார்.

"ஓனர் என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாரு."

"தூக்குவாரு."

அன்று சாயங்காலமே தூக்கினார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். பக்கத்தை மாற்றப் பாஸ்வேர்டைக் கேட்டார். ஆவுடையப்பன் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை வகுப்பில் இருக்கும்போது அந்த நம்பருக்கு முதல் அழைப்பு வந்தது. பதறிப்போய் ஸ்பீக்கரில் போட்டார்.

"பாம்பு கடிச்சிருக்கா? எங்க இருக்கீங்க?"

"இல்ல சார். நான் சுடலைக்கண்ணு. உலகம்மா வீட்டுக்காரன்."

ஆவுடையப்பன் எழுந்து நின்றார்.

"இந்தப் பக்கத்தத் தெனமும் எடுத்துப் பாப்பேன் சார். ஏன் பாக்குறேன்னு எனக்கே தெரியல. இன்னைக்கு வேற மாதிரி இருக்கு."

"மாத்திட்டேன்யா."

"நீங்கதான் எழுதுனதா?"

"நாந்தான்."

"மொத எழுதுனதும்?"

"அதுவும் நாந்தான்."

திட்டு வரும் என்று ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். வந்திருந்தால் தேவலை.

"நாலு வரிதான சார் இருக்கு," என்றார் சுடலைக்கண்ணு. "இத அன்னைக்கே எழுதியிருக்கக் கூடாதா?"

ஆவுடையப்பன் டீச்சரைப் பார்த்தார்.

ஜெனிட்டா அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சொல்லிக் குடுத்தவ பேசுறேன்ணே," என்றாள்.