சவரிமுத்துவின் வலது கை

தீர்ப்புச் சொல்லத் தெரியும் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

நடிகர் வேல்துரையின் படப்பிடிப்பில் சண்டைக் கலைஞர் ஒருவர் கயிறு அறுந்து விழுந்து செத்தார். ஏழு நாளாகியும் நடிகர் வாய் திறக்கவில்லை. தேனி ரசிகர்களின் பேஸ்புக் குழுவில் அன்று காலை சவரிமுத்து ஒரு கமெண்ட் போட்டார்: "செத்தவன் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை இல்லை. கைதட்ட மட்டும்தான் நாங்களா?" பெயருக்குப் பக்கத்தில் அவர் படம். சவுண்ட் சர்வீஸ் கடையின் பலகைக்குக் கீழே சிரித்தபடி நிற்கிறார். வேல்துரை படம் வெளியாகும் நாளெல்லாம் தியேட்டர் வாசலில் ஓசியில் ஸ்பீக்கர் கட்டியவர் அவர்.

குழுவுக்கு மூன்று அட்மின்கள். மூத்தவன் மருதையன், ரசிகர் மன்றத்துக்காக இரண்டு முறை சிறைக்குப் போனவன். பேச்சை அமுக்குகிறவன் கோழை என்பது அவன் கொள்கை. கமெண்டைப் படித்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. இப்படிக் கேட்கவும் நம் குழுவில் ஆள் இருக்கிறானே! எல்லாருக்கும் தெரியும்படி அதை மேலே பின் செய்து, "பதில் சொல்லுங்கள், ஆளைத் தொடாதீர்கள்" என்று எழுதினான். அரைமணி நேரத்தில் முந்நூறு வசை விழுந்தது.

"பெட்ரோலைக் கொண்டுபோய் மேடையில வச்சிருக்கீங்களேண்ணே!" என்று இரண்டாவது அட்மின் ஜெரால்டு போனில் கத்தினான். "நான் தூக்குறேன்."

"தூக்கிப் பாருடா. உன்னையும் சேர்த்துத் தூக்குறேன்."

ஜெரால்டு தூக்கினான். அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஆதாரமாக நிர்வாகிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அவர்கள் வழக்கம். அங்கே அறுபது பேர். வழக்கப்படி போட்டுவிட்டுத்தான் அழித்தான்.

மூன்றாவது அட்மின் மும்தாஜ், படத்திலிருந்த பலகையைப் பெரிதாக்கிப் பார்த்து, அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, எழுதினது இருக்கட்டும், அது உங்க உரிமை. ஆனா எனக்கே உங்க கடை கிடைச்சிருச்சே. படத்தை மாத்துங்க. கடையைப் பூட்டிட்டுக் கிளம்புங்க."

"நம்ம பயலுகதானம்மா. என்னைய என்ன செஞ்சிருவானுக?"

சவரிமுத்து தன் படத்தை எடுத்துவிட்டு ரோஜாப்பூப் படம் வைத்தார். கடையைப் பூட்டவில்லை. மும்தாஜுக்கு மனசு கேட்கவில்லை. மருதையனை அழைத்து, "கடைக்கு ஓடுங்கண்ணே" என்றாள்.

அவன் போய்ச் சேர்வதற்குள் ஆறு பேர் இரும்புக் குழாய்களோடு நுழைந்திருந்தார்கள். ஒருவன் செல்போனைத் தூக்கிப் பலகையோடு ஒப்பிட்டுப் பார்த்து, "இதான்டா" என்றான். ஸ்பீக்கர்கள் நொறுங்கின. பிறகு சவரிமுத்துவின் வலது கையை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்து அழுத்தினார்கள்.

"கைதட்ட மட்டுமான்னு கேட்டேல்ல? இனிமே அதுவும் வேணாம்."

மூன்றாம் அடியில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நான்காம் அடிக்கு மருதையன் குறுக்கே விழுந்தான். அது அவன் மண்டையைப் பிளந்தது. கண்ணில் ரத்தம் வழிய, குழாயைப் பிடுங்கி அடித்தவனின் தாடையில் வீசினான். பற்கள் தெறித்தன. மற்றவர்கள் ஓடினார்கள். "தலைவரே... நான்தான்..." என்று கீழே கிடந்தவன் குழறினான். போன மாதம் மருதையன் தன் கையெழுத்துப் போட்டு உறுப்பினர் அட்டை கொடுத்தவன். பக்கத்தில் அவன் போன். திரையில் ஜெரால்டு எடுத்த ஸ்கிரீன்ஷாட்: பலகைப் படம், கமெண்ட், அதன் மேல் மருதையன் வைத்த பின் குறி.

ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே கையை எடுத்துவிட்டார்கள்.

"நான் ஒளிக்கல. அடியையும் வாங்கினேன்" என்றான் தலையில் பதினான்கு தையலோடு மருதையன். "நான் அழிச்சிட்டேனே" என்றான் ஜெரால்டு. மும்தாஜ் மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

சவரிமுத்துவின் மனைவி ஆரோக்கியமேரி மூவரையும் பார்த்தாள். "மூணு பேரும் அவரக் காப்பாத்தத்தான் பாத்தீகளாக்கும். யாரக் கும்பிடணும்னு சொல்லுங்க, நான் கும்பிடுறேன். அவரால இனி கைகூப்ப முடியாது."

இவர்களில் யார் செய்தது சரி?

விடை: மும்தாஜ். ரத்தம் சிந்தியவனே நியாயவான் என்று மாலை போட்டுப் பழகிவிட்ட ஊர் இது. மருதையனின் வீரம் உண்மைதான். ஆனால் கூட்டத்தின் கண்ணில் சவரிமுத்துவை ஏற்றி வைத்ததும் அவன் பெருமைதான். ஜெரால்டு வார்த்தையை அழித்து, முகவரியைக் காப்பாற்றி வைத்தான். சவரிமுத்து மாற்றிய பிறகும் பழைய படம் அவனுடைய ஆதாரத்தில் உயிரோடு இருந்தது. கமெண்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பதை மும்தாஜ் மட்டுமே பார்த்தாள். பிறகு மருதையனும் இதையேதான் ஒப்புக்கொண்டான், குனிந்த தலையோடு. கை போன அன்று மாலை நடிகர் வாய் திறந்தார். அடுத்த படத்தின் பெயரை அறிவித்தார்.